சொல்லிழப்பும் விகுதியும்

உரோமன் யாக்கோபுசன் 1956-இல் வெளியிட்ட கட்டுரை, மூளை ஊறுற்றோரின் மொழியிழப்பை இருவகைப்படுத்துகிறது. சொல்லைத் தேரும் ஆற்றல் குன்றியோர் புகைக்குழாயைப் 'புகை' என்பர். இஃது ஆகுபெயரை ஒக்கும். சொற்களைத் தொடுக்கும் ஆற்றல் குன்றியோர் நுண்ணோக்கியைத் 'தொலைநோக்கி' என்பர், இஃது உவமையின்பாற்படும். இப்பகுப்பு போற்றற்குரியதே. எனினும், பின்னையோரிடம் விகுதி வேறுபாடு அழிய, வினை பொதுவடிவாய் நிற்கும் என்னும் அவர் கூற்றைத் தமிழுக்கு அவ்வாறே கொள்ளலாமா? 'நடந்தான்' என்பதில் விகுதியும் இடைநிலையும் கெடின், எஞ்சும் 'நட' ஏவலாகிவிடும். வெறும் வேரை ஒலித்தற்கியலாத எபிரேயத்தில், நோயாளர் ஒரு வடிவுக்கு மற்றொன்றை மாற்றியுரைப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆதலின், ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்து, விடுபட்ட விகுதிகளை மட்டும் எண்ணுவோமாயின், 'நடந்தான்' எனற்பாலதை 'நடந்தாள்' என்பாரின் குறை கணக்கில் வாராது. அவர்க்குரிய பயிற்சியும் கிட்டாது போகும். தமிழரை அளக்கும் கோல் தமிழிலக்கணத்தினின்றே அமைதல் வேண்டும் என்பது நம் துணிபு.