பதினேழு வயதில் பெல்ட்: இளைய டாம் மோரிஸின் ஆட்டமும் அவரைப் பற்றிய எழுத்துகளும்

கோல்ஃப் உலகம் இன்று ‘தி ஓப்பன்’ என்று சொல்லும் போட்டி 1860 அக்டோபர் 17 அன்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், பிரெஸ்ட்விக் என்ற ஊரில் தொடங்கியது. எட்டுப் பேர் ஆடினார்கள். பன்னிரண்டு குழிகள் கொண்ட மைதானத்தை ஒரே நாளில் மூன்று முறை சுற்றி வர வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவருக்குச் செந்நிற மொராக்கோத் தோலில் வெள்ளிப் பதக்கம் பொருத்திய பெல்ட் ஒன்று, ஓராண்டு வைத்துக்கொள்ளத் தரப்படும். முதல் ஆண்டு வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார். அடுத்த ஏழு ஆண்டுகளில் வென்றவர்களின் கணக்கு 163, 163, 168, 167, 162, 169, 170. அந்தத் தலைமுறையின் உச்சம் 162தான் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. எட்டு ஆண்டுகளில் வெற்றி பெரும்பாலும் பார்க், பெரிய டாம் மோரிஸ் என்ற இருவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

1868இல் வென்றவரின் கணக்கு 154. வயது பதினேழு. பெரிய டாமின் மகன், பெயரும் டாம். இரண்டாம் இடம் தந்தைக்கு. ஓப்பனை வென்றவர்களில் இவரைவிட இளையவர் இன்றுவரை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு நாற்பத்தாறு வயதில் வென்ற தந்தையைவிட மூத்தவரும் இல்லை. இரண்டு ஓரங்களையும் ஒரே வீடு பிடித்து வைத்திருக்கிறது.

ஒரே தாவலில் எட்டு அடிகள் எப்படிக் குறைந்தன? இளைய டாமைப் பற்றிய எழுத்துகளைப் படிக்கும்போது என்னை விடாமல் தொந்தரவு செய்த கேள்வி இது. அவர் எப்படி இறந்தார் என்பது ஊருக்கே தெரியும்; சினிமாவாகவும் வந்துவிட்டது. எப்படி ஆடினார் என்பதைத்தான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

விடையின் முதல் பகுதி பந்தில் இருக்கிறது. 1840கள் வரை கோல்ஃப் பந்து என்றால் இறகுப் பந்து. ஈரத் தோலைச் சிறு பையாகத் தைத்து, அதனுள் ஒரு தொப்பி நிறைய வாத்து இறகை இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி அடைப்பார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு உப்பும், பந்து கல் போல இறுகும். கைதேர்ந்தவர் ஒரு நாளில் நான்கு பந்து முடித்தால் பெரிது. மழையில் ஊறினால் தையல் விட்டுவிடும். இரும்பு மட்டை சற்றே தவறிப் பட்டால் தோல் கிழிந்துவிடும். அதனால் ஆட்டம் பெரும்பாலும் மரமட்டைகளிலேயே நடந்தது. இரும்பு மட்டை, பந்து மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டால் மட்டும் கையில் எடுக்கும் ஆபத்துக்கால ஆயுதம்.

1848 வாக்கில் கட்டாப்பர்ச்சாப் பந்து வந்தது. மலாய்த் தீபகற்பக் காடுகளில் வளரும், நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பால் அது. சிங்கப்பூர் வழியாக 1840களில் லண்டனை எட்டியது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போடவும் அதையேதான் பயன்படுத்தினார்கள். பால் எடுப்பதற்காக அங்கே மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள் என்பதை கோல்ஃப் வரலாறுகள் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எழுத வேண்டிய விஷயம் அது.

வெந்நீரில் இளக்கி, உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டி, குளிர்ந்த நீரில் போட்டால் பந்து தயார். உடைந்தாலும் மறுபடி உருக்கிச் செய்துகொள்ளலாம். விலை இறகுப் பந்தைவிடப் பல மடங்கு குறைவு. ஒரே குறை, வழவழவென்ற புதுப் பந்து சிறிது தூரம் போனதும் தலை குப்புற விழுந்தது. அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்தோ நேராகப் பறந்தது. இதைக் கவனித்தவர்கள் புதுப் பந்திலும் சுத்தியலின் கூர்முனையால் வரிவரியாகக் கொத்தத் தொடங்கினார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் இறகுப் பந்து செய்வதில் ஆலன் ராபர்ட்சனுக்கு நிகரில்லை. அவரிடம் தொழில் கற்று, அவருக்கே உதவியாளராக இருந்தவர் பெரிய டாம். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே கையிருப்புத் தீர்ந்துபோக, கூட ஆடியவரிடம் கட்டாப்பர்ச்சாப் பந்தை வாங்கி ஆடினார் டாம். ராபர்ட்சன் அதைப் பார்த்துவிட்டார். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். பிழைப்புக்கு வழி தேடிய டாமுக்கு 1851இல் பிரெஸ்ட்விக்கில் புதிதாக உருவான கிளப்பில் மைதானக் காப்பாளர் வேலை கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று பிறந்த மகனும் கைக்குழந்தையாக அங்கே போனான். அங்கே பன்னிரண்டு குழிகளை அமைத்தவர் தந்தை. மகன் நடக்கப் பழகியது அந்த மைதானத்தில். பிற்பாடு ஓப்பன் நடந்ததும் அங்கேதான். புதிய பந்தால் வந்த சண்டை ஒரு குழந்தைக்கு ஊரையும் மைதானத்தையும் தந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இறகுப் பந்தின் பழக்கம் கையில் ஏறாத முதல் தலைமுறை இது. மூத்தவர்கள் இரும்பு மட்டையை அஞ்சி எடுத்த இடத்தில் இளைய டாம் அதை விரும்பி எடுத்தார். ‘ரட் அயர்ன்’ என்று ஒரு மட்டை அப்போது உண்டு. வண்டித்தடத்தில் புதைந்த பந்தைக் கிளப்புவதற்காகச் செய்தது. முகம் மிகச் சிறியது, பின்பக்கம் சாய்ந்தது. அதைக் கொண்டு நல்ல புல்தரையிலிருந்தே பந்தை உயரத் தூக்கி, குழியருகே பொத்தென்று விழச் செய்து, உருளாமல் நிறுத்தினார் இவர். அதுவரை எல்லோரும் பந்தைத் தாழ்வாக ஓடவிட்டுத்தான் குழியை நெருங்கினார்கள். வழியில் மேடும் பள்ளமும் மணல்குழியும் எங்கே இழுத்துப் போகுமோ என்ற கவலை அவர்களுக்கு உண்டு. இவருடைய பந்துக்கு நடுவில் உள்ள தரை ஒரு பொருட்டாகவே இல்லை. இன்று எந்த கோல்ஃப் மைதானத்திலும் சாதாரணமாகப் பார்க்கிற காட்சிதான் இது. எட்டு அடிக் குறைவின் பெரும்பகுதி இந்த அடியிலிருந்து வந்தது என்பதே என் முடிவு. மணிக்கட்டின் வலு, குழிக்குள் துணிந்து தட்டும் தைரியம் என்று பழைய எழுத்தாளர்கள் அடுக்குவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வலுவும் தைரியமும் வில்லி பார்க்குக்குக் குறைவில்லை.

1869இல் 157, பதினொரு அடி முன்னிலை. அந்தப் போட்டியில் எட்டாவது குழியில் அடித்த முதல் அடியே உள்ளே போய் விழுந்தது. ஓப்பனில் பதிவான முதல் ‘ஹோல் இன் ஒன்’ அதுதான். 1870ஆம் ஆண்டு ஆட்டத்தைத்தான் நான் அவருடைய உச்சமாகக் கருதுகிறேன். பிரெஸ்ட்விக்கின் முதல் குழி 578 கஜ நீளம். நல்ல ஆட்டக்காரருக்கே ஆறு அடிகள் வேண்டும். அன்று காலை மூன்றாவது அடியில் பந்து குழிக்குள் இருந்தது. முதல் சுற்று 47, அடுத்த இரண்டும் 51, மொத்தம் 149. பின்தொடர்ந்த இருவர், பாப் கர்க்கும் டேவி ஸ்ட்ராத்தும், 161. அந்த 161 1867 வரை வென்ற எவரும் தொடாத எண். ஓப்பன் முப்பத்தாறு குழிப் போட்டியாக இருந்த காலம் 1891இல் முடிந்தது. அதுவரை 149ஐ யாரும் எட்டவில்லை.

தொடர்ந்து மூன்று முறை வென்றால் பெல்ட் சொந்தம் என்பது விதி. இப்படியும் ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்தா எழுதினார்கள்! பெல்ட் மோரிஸ் வீட்டுக்குப் போனது. பரிசே இல்லாததால் 1871இல் போட்டியும் நடக்கவில்லை. பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பரோ கிளப்புகள் கூடிப் பேசி, ஆளுக்குப் பத்துப் பவுண்டு போட்டு, வெள்ளிக் கோப்பை ஒன்று செய்ய முடிவெடுத்தன. இன்று ‘கிளாரட் ஜக்’ என்று அறியப்படுவது அதுதான். 1872இல் நான்காம் முறையும் இளைய டாமே வென்றார். கோப்பை இன்னும் தயாராகாததால் அன்று கையில் பெற்றது ஒரு பதக்கம். கோப்பையில் பொறித்த முதல் பெயர் அவருடையது. ஓப்பனை அடுத்தடுத்து நான்கு முறை வென்ற இன்னொருவர் இன்றுவரை வரவில்லை.

ஆட்டத்தைப் போலவே அவர் பணத்தைக் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. அன்றைய தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் என்பவர் மட்டை சுமப்பார், பந்து செய்வார், புல் வெட்டுவார். கனவான்கள் அவர்மேல் பந்தயம் கட்டி, வென்றால் அதில் ஒரு பங்கை விட்டெறிவார்கள். கிளப் கட்டடத்துக்குள் அவருக்கு இடம் இல்லை. 1864இல் பெர்த் நகரில், பதின்மூன்று வயதை ஒட்டிய சிறுவன் டாமை உள்ளூர்ப் பையன் ஒருவனோடு மோதவிட்டார்கள். வென்றதற்கு ஐந்து பவுண்டு. அதே ஆண்டு நாட்டின் தலைசிறந்த போட்டியான ஓப்பனை வென்ற தந்தைக்குக் கிடைத்தது ஆறு பவுண்டு. கூட்டம் எதற்குப் பணம் தரும் என்பதை மகன் சிறுவயதிலேயே கண்டுகொண்டிருக்க வேண்டும். அயர் அகாடமியில் கனவான்களின் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர் வேறு. தொப்பியைக் கழற்றி நிற்கும் தந்தையின் வழக்கம் இவருக்கு ஒட்டவில்லை. நண்பர் டேவி ஸ்ட்ராத்தோடு ஊர் ஊராகப் போய், வந்து ஆடுவதற்கு இவ்வளவு என்று தாங்களே பேசி வாங்கினார்கள். பிற்காலத்துத் தொழில்முறை விளையாட்டு முழுவதும் நடந்த பாதை அது.

கெவின் குக் 2007இல் எழுதிய நூலும், அதை வைத்து ஜேசன் கானரி 2016இல் எடுத்த திரைப்படமும் இந்தப் பக்கத்தை நன்றாகவே காட்டுகின்றன. 1908இல் வெளிவந்த டல்லக்கின் நூல் தந்தையின் வாழ்க்கை வரலாறு. அதில் மகன் இடையிடையே வந்து போகிறார். டேவிட் மால்கமும் பீட்டர் கிராப்ட்ரீயும் 2008இல் எழுதிய பெருநூலும் தந்தையைப் பற்றியதே. இவற்றுள் குடும்பத்தையும் ஊரையும் ஆதாரங்களோடு அறிய விரும்புவோருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

இனி அந்த மரணம். 1874 நவம்பரில் மார்கரெட் டிரின்னனை மணந்தார். நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்து, வீட்டு வேலை செய்து பிழைத்தவர்; கணவரைவிட வயதில் மூத்தவர். 1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெர்விக்கில் பார்க் சகோதரர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் தந்தி வந்தது. பிரசவத்தில் மார்கரெட்டின் உயிருக்கு ஆபத்து. ரயிலில் சுற்றிப் போக நேரமில்லை என்று ஒருவர் தம் படகைக் கொடுத்தார். ஃபோர்த் கழிமுகத்தைக் கடந்து செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்த வீட்டைச் சேர்ந்தபோது தாயும் இல்லை, சேயும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஆர்தர் மோல்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயருக்கு மூன்று குழிக்கு ஓர் அடி சலுகை கொடுத்து, பனி மூடிய செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் நாள்கணக்கில் ஆடி வென்றார். டிசம்பர் 25 காலையில் படுக்கையில் இறந்து கிடந்தார். வயது இருபத்து நான்கு.

நெஞ்சு உடைந்து செத்தான் என்று ஊர் சொன்னது. நூல்களும் அதையே திரும்பச் சொல்லின. பிணப் பரிசோதனையில் தெரியவந்தது நுரையீரலில் இரத்தக்குழாய் வெடித்தது. துயரத்தால் மனிதர் சாவதென்றால் நானும் இன்று இருக்க மாட்டேன் என்ற பொருளில் தந்தை பிற்பாடு சொல்லியிருக்கிறார். பெற்ற பிள்ளைகள் அனைவரையும் பறிகொடுத்து 1908வரை வாழ்ந்த மனிதரின் பேச்சு அது. ஊரின் கதையைவிட அதற்கே நான் மதிப்புக் கொடுப்பேன். அறுபது கோல்ஃப் சங்கங்கள் பணம் தந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் இடுகாட்டில் எழுப்பிய நினைவுச்சின்னத்திலும் பந்தை நோக்கிக் குனிந்து மட்டையோடு நிற்கும் ஆட்டக்காரரைத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று கேட்பவர்கள், அவருக்குப் பின் வந்தவர்களைப் பார்க்கலாம். டேவி ஸ்ட்ராத் காசநோயோடு கப்பலேறி 1879இல் மெல்போர்னில் இறந்தார். 1880 முதல் மூன்று முறை தொடர்ந்து வென்ற பாப் ஃபெர்குசன், 1883இல் நான்காவதை ஒரே அடியில் தவறவிட்டார். பிறகு டைஃபாய்டு வந்தது. மஸல்பரோ மைதானத்தில் மட்டை சுமக்கும் வேலைக்கே திரும்பினார். 1877 முதல் 1879வரை மூன்று முறை வென்ற ஜேமி ஆண்டர்சன் 1905இல் ஃபைஃப் மாவட்டத்தில் ஏழைகளுக்கான அரசு விடுதி ஒன்றில் இறந்தார்.