பத்து விநாடியில் ஒரு முடிவு

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நாயகன் காளி என்ன ஆனான் என்பதைச் சொல்லாமலே நாவல் முடிந்துவிடுகிறது. பிறகு கதையைத் தொடர நினைத்தபோது அவர் ஒன்றுக்கு இரண்டாக எழுதினார். 'ஆலவாயன்' நாவலில் காளி இறந்துபோகிறான். 'அர்த்தநாரி'யில் பிழைத்துக்கொள்கிறான். எதை எடுப்பது, எதை நம்புவது என்பதெல்லாம் வாசகர் பாடு. இரண்டையும் படித்தவர் எவரும் ஏதோ ஒன்றின் பக்கம் சாயாமல் இருப்பதில்லை. அப்படிச் சாயும்போது காளியின் சாவிலோ பிழைப்பிலோ அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. ஜீவா இயக்கிய '12பி' (2001) படமும் பேருந்தைப் பிடித்தவன் கதை, தவறவிட்டவன் கதை என்று இரண்டாகக் கிளைத்ததுதான். ஆனால் அங்கே நாம் வெறும் பார்வையாளர்கள்.

இந்தப் பங்கையே வடிவமாக்கிக்கொண்டது ஊடாடு புனைவு. 1976இல் வில் க்ரௌதர் ஒரு குகைப் பயணத்தைக் கணினியில் எழுதினார். அடுத்த ஆண்டு டான் வுட்ஸ் அதை விரித்தார். வாசகர் 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்ச, கதை அதற்குப் பதில் சொல்லும். எண்பதுகளில் இது நல்ல வியாபாரம். வியாபாரம் படுத்த பிறகுதான் சோதனை முயற்சிகள் பெருகின. 1995 முதல் ஆண்டுதோறும் இதற்கென ஒரு போட்டி நடக்கிறது. வாசகர்களே நடுவர்கள், முதல் இரண்டு மணி நேர வாசிப்பை வைத்தே மதிப்பெண் போட வேண்டும். இந்த விதி எழுத்தாளர்களைச் சிறிய, செறிவான வடிவங்களை நோக்கித் தள்ளியது.

அப்படி வந்தவற்றில் சாம் பார்லோவின் 'ஐல்' (1999) எனக்கு முக்கியமானது. பல்பொருள் அங்காடியில் ஒருவன் தள்ளுவண்டியோடு நிற்கிறான். நமக்கு ஒரே ஒரு கட்டளைதான். எதைத் தட்டச்சினாலும் ஒரு பத்தி வரும், கதை முடிந்துவிடும். மறுபடி அதே அங்காடி, அதே ஆள். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள். கிளேர் என்ற பெண், ரோம் நகரம் என்று அவன் நினைவுகள் துண்டு துண்டாக வெளிப்படும். ஒரு முடிவு சொன்னதை இன்னொன்று மறுக்கும். ஆடுபவர் முதலில் விளையாட்டாக எதையாவது முயல்வார். பிறகு துப்பறிவாளர்போல எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கதையாக்கப் பார்ப்பார். அது கூடிவராது என்று தெரியும் இடத்தில்தான் அந்த மனிதனின் துக்கம் நம்மைத் தொடுகிறது.

பொதுவாக ஆடுபவர்கள் எல்லாக் கிளையையும் மேய்ந்துவிடத் துடிப்பார்கள். தப்பாகப் போனால் பின்வாங்கி வேறு வழி எடுப்பார்கள். நல்ல சோதனைப் படைப்பு இந்தப் பழக்கத்தோடு மல்லுக்கு நிற்கிறது. அன்னா ஆந்த்ரோபி 2013இல் எழுதிய ஒரு படைப்பில் உலகம் அழியப் பத்து விநாடிதான் இருக்கிறது, அருகில் காதலி. கையைப் பிடிப்பதா, ஏதாவது சொல்வதா என்று தேர்ந்தெடுக்கும்போதே கடிகாரம் ஓடி முடிந்துவிடும். எத்தனை முறை திரும்ப வந்தாலும் அதே பத்து விநாடி. இந்த வடிவம் வாசகருக்குச் சுதந்திரம் தருகிறது என்று சொல்லிவருகிறோம். அதன் உண்மையான பலம், நம் தேர்வு எவ்வளவு குறுகலானது என்று உணரவைப்பதில்தான் இருக்கிறது.

தேர்வின் இந்தக் குறுகலை எண்ணூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? குழந்தையைத் தூக்குவதா, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதா? எதுவும் தெரியாமல், நேரமும் இல்லாமல் முடிவெடுத்தார்கள். கரன் கார்க்கியும் பாக்கியம் சங்கரும் வடசென்னையை உரைநடையில் வலுவாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஓர் இரவை மட்டும் எழுத நேர்கோட்டுக் கதை போதாது என்றே நினைக்கிறேன். வாசகரும் அந்தக் கதவின் முன்னால் நிற்க வேண்டும்.

அப்படி ஆடுபவரைக் கதைக்குள் நிறுத்தியதில், தமிழர் கைவண்ணத்தில் உலகம் கவனித்த கணினி ஆட்டம் டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. குடும்பத் தலைவிக்கு அவள் அம்மா தந்த பழைய சமையல் குறிப்பேடு கிழிந்து கறைபட்டிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் ஆட்டம் மகன் கவின் கைக்கு வருகிறது. அதே குறிப்பேட்டுத் தமிழ் அவனுக்குப் பிடிபடவில்லை. அந்தத் தடுமாற்றம் ஆடுபவர் விரலுக்கு வந்துவிடுகிறது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. தகுதியான விருது.

தட்டச்சுக் கட்டளை வகையைத் தமிழில் செய்வது கடினம். 'மீனை எடு', 'மீன எடு', 'மீன எட்றா', 'அந்த மீனைக் கையில் எடுத்துக்கொள்' எல்லாம் ஒன்றே என்று நிரலுக்குக் கற்றுத்தர வேண்டும். காசிமேட்டுப் பேச்சுக்கு இன்னும் அதிகமாக. இணைப்பைத் தொட்டு நகரும் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கிறிஸ் க்ளிமாஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன் கருவி இலவசம். இணைப்பாக வேண்டிய சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அடுத்த பக்கம் திறக்கும். தமிழ் எழுத்தும் தடையின்றி ஓடும். படிக்க ஒரு செல்போன் போதும்.

கருவி இருக்கிறது, கதை இருக்கிறது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் இந்த வடிவத்தை ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். இணையப் பதிப்பு நடத்தும் சிற்றிதழ்கள், சிறுகதைக்குத் தரும் அதே மரியாதையோடு அந்தப் படைப்புகளை வெளியிட வேண்டும்.