நாற்காலிக்குத் தேய்மானம் உண்டா?

அரிமளத்தில் நண்பரின் பூர்வீக வீடு. முகப்பில் ஒரு பழைய ஈஸிசேர். பர்மா தேக்கு, பிரம்புப் பின்னல். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது.

"காரைக்குடியிலேர்ந்து ஒருத்தர் விலை கேட்டுட்டுப் போயிருக்கார். தள்ளிவிட்டுடலாமா?" என்றார் நண்பர்.

எனக்கு சண்டிகர் ஞாபகம் வந்தது. அரிமளம் எங்கே, சண்டிகர் எங்கே என்கிறீர்களா? சொல்கிறேன்.

1951-ல் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் அமைக்க வந்தவர் லெ கார்பூசியே. வெறும் ஆர்க்கிடெக்ட் இல்லை. காலையில் ஓவியம், பிற்பகலில் கட்டடம் என்று பல வருஷம் பொழுதைப் பங்கு பிரித்து வாழ்ந்தவர். சிற்பம் செய்தார், நாற்காலியும் செய்தார். சண்டிகர் சட்டசபைக்கு அவர் தீட்டித் தந்த பிரம்மாண்டமான எனாமல் கதவில் சூரியன், மரம், மிருகம் எல்லாம் உண்டு. பிரமாதம்தான். ஆனால், அது விசேஷங்களுக்கான கதவு. உங்களையும் என்னையும் மனசில் வைத்துப் போட்டதல்ல.

எனக்குப் பிடித்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜெனரே. பெரியவர் வந்து வந்து போனார். இவர் 1965 வரை அங்கேயே தங்கினார். புது ஊரில் ஆபீஸ் இருக்கிறது, குமாஸ்தா இருக்கிறார், உட்கார நாற்காலி இல்லை. உள்ளூர்த் தச்சர்கள், தேக்கு, பிரம்பு. காம்பஸ் மாதிரி விரிந்த கால்கள். யூலி சௌத்ரி போன்ற இந்திய ஆர்க்கிடெக்ட்டுகளும் கூட உழைத்தார்கள். கோர்ட், யூனிவர்சிட்டி, லைப்ரரி எல்லாவற்றிலும் இவர்கள் செய்த சாமான்கள்தான்.

கலை பண்ணுகிறோம் என்று உட்கார்ந்து செய்ததல்ல அது. அவசியத்துக்குச் செய்தது. அதனால்தான் உசத்தியாக வந்தது என்பது என் கட்சி. கதவைப் பார்த்தால் கார்பூசியே தெரிகிறார். நாற்காலியைப் பார்த்தால் உட்காரப் போகிறவர் தெரிகிறார்.

அப்புறம் என்ன நடந்தது? நான் பி.காம். எங்கள் பாடத்தில் நாற்காலிக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். ஒருநாள் மதிப்பு பூஜ்யமாகிவிடும். சண்டிகர் ஆபீஸ்களும் கணக்குப்படி நடந்தன. உடைசல் என்று மொட்டை மாடியில் குவித்து, அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டன. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் போய் பாலிஷ் போட்டு, பல லட்சத்துக்கு விற்றார்கள். ஸ்டோர் கிளார்க் முதுகில் பெயின்ட்டால் எழுதிய நம்பர்தான் இப்போது 'ஒரிஜினல்' என்பதற்கு அத்தாட்சி!

2011-ல் மத்திய உள்துறை விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. ஆனால், தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயசானதைத்தான் காப்பாற்றும். நாற்காலிக்கு அந்த வயசு ஆகவில்லை. போனது போனதுதான்.

நம் செட்டிநாட்டுக் கதையும் இதுதானே? வாரிசுகள் பங்கு பிரிக்க முடியாமல் வீட்டைப் பிரிக்கிறார்கள். தூண் ஒரு ஊருக்கு, கதவு ஒரு ஹோட்டலுக்கு. செய்த ஆசாரியின் பெயர் யாருக்கும் தெரியாது. ஜெனரேயின் பெயராவது மிஞ்சியது.

விற்பது தப்பு என்று நான் உபதேசம் பண்ண மாட்டேன். அந்த வீட்டுக்கு ஓடு மாற்றும் செலவு எனக்கு வந்ததில்லை. நண்பரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "விலை பேசுறதுக்கு முன்னாடி ஒரு மத்தியானம் அதுல படுத்துத் தூங்கிப் பாருங்க."

இன்னும் அவர் முடிவு சொல்லவில்லை.