அமைதி என்னும் சொல்

பூட்டிய மனநோய் விடுதியிலிருந்து ‘ஆள் இப்போது அமைதி’ என்ற செய்தி வந்தால் உறவினர் நிம்மதியடைகின்றனர். அந்த அமைதி நோய் தணிந்ததால் வந்ததா, மருந்தின் பாரத்தால் வந்ததா என்ற வினாவை நாம் எழுப்பியே தீரவேண்டும்.

1952இல் பாரிஸ் நகரின் செயின்ற் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் குளோர்புரோமசீனைக் கொடுத்துக் கண்ட பயன் மனநல மருத்துவத்தையே மாற்றியது. இல்லாத குரல்கள் ஓய்ந்தன. பலர் வீடு திரும்பினர். இந்தச் சாதனையை மறுப்பவர் விஞ்ஞானத்தின் பகைவரே. ஆயினும், மூளையில் டோபமீனின் செயலைத் தடுத்துக் குரல்களைத் தணிக்கும் அதே ஆற்றல், உடலை விறைக்கவும் கைகளை நடுங்கவும் செய்கிறது. ஓரிடத்தில் இருக்கவிடாத தவிப்பும் அதன் விளைவாகலாம். அத்தவிப்பை நோயின் மூர்க்கமெனக் கருதி மருந்தைக் கூட்டினால், தவிப்பும் கூடுகிறது. ஆட்கள் குறைந்து நோயாளர் நெருங்கிய விடுதியில் இத்தவறு நேர்வது எளிது. பேசிப் புரிந்துகொள்ள நேரம் வேண்டும், ஊசிக்கு ஒரு நிமிடம் போதும்.

படுவான்கரை உழவர் ஒருவர் முந்நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள அங்கொடைக்கு அனுப்பப்பட்டால், தம் உடலில் நேர்வதை யாரிடம், எம்மொழியில் உரைப்பார்? அவ்வூர்ப் பெயரையே நம்மவர் வசைச்சொல்லாக்கியுள்ளனர். அங்கிருந்து எழும் முறைப்பாட்டுக்கு யார் செவிசாய்ப்பர்? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இயங்குவது இவ்வகையில் பெரும் பேறு. ஆனால், தமிழ் பேசும் விடுதியாயினும் நோயாளி வினவ முடியாதெனில் தொலைவு குறைந்ததாகாது.

சட்டமும் இங்கு துணைநிற்கவில்லை. 1873இல் பிறந்து 1956இல் திருத்தப்பட்ட மனநோய்க் கட்டளைச்சட்டம், மனிதரை உள்ளே அனுப்பும் வழியையே விரித்துரைக்கிறது; உள்ளே புகுந்தவர் தம் மருந்தைப்பற்றி வினவும் உரிமையைப் பேசவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை புதிய சட்டம் வேண்டுமென்றது. அக்கொள்கைக்குரிய பத்தாண்டுகள் கழிந்த 2015இலும் அச்சட்டம் பிறக்கவில்லை.

ஆபத்தான வேளையில் ஊசி வேண்டாமென்று நாம் கூறவில்லை. எம்மருந்து, எவ்வளவு, எதற்காக, எதுவரை என்பன எழுதப்படவேண்டும். நோயாளியின் மொழியில் விளக்கப்படவேண்டும். குறித்த நாளில் மீண்டும் ஆராயப்படவேண்டும். இரு மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படின் அதற்கும் காரணம் கூறப்படவேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

விலங்கு கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அதனைக் கண்டித்தோம். மருந்தின் அளவோ பதிவேட்டில் மட்டுமே தெரிகிறது. அதனைக் கேட்டறியும் துணிவு உறவினருக்கும், கூறும் கடமையுணர்வு மருத்துவருக்கும் வாய்க்கும்வரை, ‘அமைதி’ என்னும் சொல்லை நாம் ஐயத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கும்.