அடிக்க மாட்டோம் என்றவர்கள்

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெருவில் அதைப் பறை என்று சொல்லிக் கேட்டதில்லை. தப்பு, இல்லாட்டி கொட்டு. ‘தமிழரின் ஆதி இசை’ என்பது அது மேடையேறிய பிறகு கிடைத்த பட்டம். பட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதைக் கட்டும்போது எதை மறைக்கிறார்கள் என்பதே கேள்வி.

என் தாத்தாவுக்குத் தப்பு கட்டளை. ஊரில் எழவு விழுந்தால் கேதம் சொல்லப் போகணும், நீர்மாலைக்கு முன்னால் அடிச்சுக்கிட்டுப் போகணும், சுடுகாடு வரை நிக்கணும். கூலி கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் கள்ளு. அதற்குள்ளும் வித்தை இருந்தது. மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகட்டால் வட்டமாகப் பூட்டி, கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். ஒரு கையில் நீண்ட சிண்டுக்குச்சி, மறுகையில் குட்டையான அடிக்குச்சி. தீயில் காய்ச்சினால்தான் தோல் பேசும். சாமி சாட்ட ஓர் அடி, சாமியாட ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி.

என் அப்பா அடிக்கவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டபோது, “இனி எங்க வீட்டுலருந்து யாரும் வரமாட்டாங்க” என்று சொல்லிவிட்டார். அப்புறம் உள்ளூரில் தோட்டவேலை இல்லை. மலையேறி ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போனார். சிதம்பரம் பக்கம் இளையபெருமாள் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை நடத்தியதை அவர் அறிந்திருக்கமாட்டார். ஆனால் இருவர் சொன்னதும் ஒன்றே.

மூன்றாவது தலைமுறை தப்பைத் திரும்பக் கையில் எடுத்தது. கே.ஏ. குணசேகரன் சேரியின் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தார். 1990களில் மதுரையில் தலித் ஆதார மையம் கலைவிழாக்கள் நடத்தியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்பிள்ளைகள் அடித்தார்கள். 2022இல் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழக அரசு சொன்னது. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவையெல்லாம் நம் வெற்றிகள்தான்.

ஆனால் இன்றைய மேடைகளைப் பாருங்கள். ஒரே சீருடை, ஒரே வரிசை, ஒரே வேகம். சாவடியை விட்டுவிடுகிறார்கள். அறிமுக உரையில் சங்ககாலம் வருகிறது, சாதி வருவதில்லை. ‘பறை இழிவல்ல’ என்கிறார்கள். சரிதான். இழிவைச் செய்தது யார்? அதற்குப் பதிலில்லை.

பதில் வேண்டுமானால் எங்கள் பள்ளத்தாக்குத் திருவிழாக்களுக்கு வாருங்கள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து செண்டைமேளம் வருகிறது. அதுவும் தோலும் குச்சியும்தான். செண்டைக்காரருக்கு நாற்காலி போடுகிறார்கள். பிளாஸ்டிக் தோல் மாட்டிய தப்போடு நம் ஆட்கள் ஓரமாக நிற்கிறார்கள். தோலிலா தீட்டு இருக்கிறது? அடிக்கிறவன் எந்தத் தெரு என்பதில் இருக்கிறது. கருவியை மட்டும் புனிதமாக்கினால் அந்தத் தெரு மாறிவிடாது.

அப்பாவைப் போல மறுத்தவர்களைப் ‘பண்பாட்டை இழந்தவர்கள்’ என்று ஒரு மேடையில் சொல்லக் கேட்டேன். அவர்கள் இழக்கவில்லை; அடிமைத்தனத்தைத் தூக்கியெறிந்தார்கள். அவர்கள் மறுத்திருக்காவிட்டால் இன்று அடிப்பது விருப்பமாக இருந்திருக்காது, ஊழியமாகவே இருந்திருக்கும்.

கல்லூரியில் தப்படிக்கக் கற்ற என் மகள் விடுமுறைக்கு வந்து முற்றத்தில் அடித்தாள். அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். கொஞ்சநேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அடி தாயி. யாரும் கூப்பிட்டு அடிக்கலையில்ல? அப்ப அடி.”

மேடையேறும் தோழர்களே, முதல் அடிக்கு முன்னால் இந்தக் கிழவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.