தோளில் கிடக்கும் அரிவாளும் உறைக்குள் இருக்கும் துப்பாக்கியும்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு சிறு கூட்டம். ஒரு நாவலைப் பற்றிப் பேசக் கூடிய பத்துப் பன்னிரண்டு பேர், முடிந்ததும் டீக்கடை வாசலில் நின்றோம். பேச்சு நாவலை விட்டு எங்கோ போயிற்று. களப்பணியில் பல வருஷமாக இருக்கும் நண்பரொருவர் திடீரென்று கேட்டார்: "அமெரிக்காக்காரன் இடுப்புல துப்பாக்கியச் சொருவிக்கிட்டு மளிகைக் கடைக்குப் போறான். கேட்டா உரிமைங்கான். நம்ம ஆளுவ வெறுங்கையோட போயி வெட்டுப்பட்டுச் சாவுதாவ. துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு ஒரு மனு குடுத்தா என்னவே தப்பு?" நான் காந்தி, அம்பேத்கர் என்று ஏதோ இழுத்தேன். "நீரு தமிழ் எம்.ஏ.ங்கது சரி, பதிலச் சொல்லும்" என்றார். அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவைப் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. அங்குள்ள துப்பாக்கி உரிமைச் சங்கங்களுக்கு, துப்பாக்கி வைத்திருப்பது இன்று முதல் பிரச்சினை அல்ல. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்சநீதிமன்றமே அதைத் தனிமனித உரிமையாக ஒப்புக்கொண்டுவிட்டது. பொது இடத்தில் எடுத்துச் செல்வதுதான் அவர்களது சட்டமன்ற வேலை. 2022இல் புரூயென் தீர்ப்பு அதற்கும் வழிவிட்டது. உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்று 29 மாநிலங்கள் சட்டம் செய்திருக்கின்றன. ஒரு மாநிலத்து அனுமதி எல்லா மாநிலத்திலும் செல்ல வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோவதா, ஊரறியத் தொங்கவிட்டுக்கொண்டு போவதா என்பது தனி விவாதம். ஒளிப்பவன்தான் குற்றவாளி, நான் ஏன் ஒளிக்க வேண்டும் என்கிறார்கள் இவர்கள். ஒரு கூட்டத்தில் துப்பாக்கி தெரிந்தால் யாரும் வாய் திறப்பதற்கு முன்பே அது பேசிவிடுகிறது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.

நண்பர் சொல்லாமல் விட்ட பாதி 1967இல் நடந்தது. கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள், அன்றைய சட்டம் அனுமதித்தபடியே, குண்டு நிரப்பிய துப்பாக்கிகளை வெளிப்படையாக ஏந்திப் போலீஸ் ரோந்தைப் பின்தொடர்ந்தார்கள். உடனே அதைத் தடுக்கும் மசோதா வந்தது. அதை எதிர்த்து மே 2ஆம் தேதி அவர்கள் துப்பாக்கிகளோடு மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். மல்ஃபோர்டு சட்டம் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் கவர்னர் ரீகன். தேசியத் துப்பாக்கிச் சங்கமும் ஆதரித்தது. உரிமை எல்லோருக்கும்தான், ஆனால் கறுப்பன் தோளில் அது தெரிந்தபோது உரிமை சட்டம்-ஒழுங்குப் பிரச்சினையாகிவிட்டது. சிறுத்தை என்ற பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்ட நம் இயக்கங்கள் இந்த இரண்டாம் பாகத்தையும் வாசிக்க வேண்டும்.

இதே சங்கங்களின் ஆட்கள் காந்தியையும் மேற்கோள் காட்டுவார்கள் என்பது ஒரு வேடிக்கை. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் ஆங்கிலேய ஆட்சியின் ஆகக் கறுத்த செயல்களுள் ஒன்று என்ற கருத்தில் அவர் எழுதியது உண்டு. 1918இல் ஆங்கிலேயப் படைக்கு ஆள் சேர்த்தபோது எழுதியது அது. அந்தச் சந்தர்ப்பத்தைச் சொல்லமாட்டார்கள்.

அவர் குறிப்பிட்டது 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். ஆனால் ஆயுதம் பறிப்பது நம் மண்ணில் அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நடந்தாயிற்று. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்து தரைமட்டமாயிற்று. அதே வருஷம் டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. அதோடு ஸ்தலக் காவல், தேசக் காவல் என்று ஊர்களிடம் வரி வாங்கிக்கொண்டிருந்த காவல்முறையின் கதையும் மாறியது. நம் சரித்திர நாவல்கள் இதை வீரம் பறிக்கப்பட்ட கதையாகவே எழுதுகின்றன. அந்த ஈட்டியும் வாளும் ஊருக்குள் யாரைப் பார்த்து நீட்டப்பட்டிருந்தன என்று கேட்கும் நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.

காங்கிரஸ் 1887இல் சென்னையில் கூடியபோதே ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. ராஜவிசுவாசமுள்ள பிரஜைகள் மீது இது களங்கம் சுமத்துகிறது என்பது அதன் வாதங்களில் ஒன்று. வக்கீல்களும் ஜமீன்தார்களும் கூடிய இடத்தில் மானப் பிரச்சினையாகத்தான் இது எழும். 1931 கராச்சித் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமைப் பட்டியலிலேயே ஏறியது. இடையில் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்த பிரௌனிங் உரிமம் கேட்டு வந்ததல்ல.

1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். எவன் வேண்டுமானாலும் சந்தைக்குப் போய்த் தாக்கும் கருவிகளை வாங்கிவரலாம் என்றால் ஓர் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்பது அவர் கேள்வியின் சாரம். இதை அரசுவாதம் என்று நம்மில் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிநிலையாக அடுக்கப்பட்ட சமூகத்தில் பொது உரிமையாக வழங்கப்படும் ஆயுதம் படிநிலைப்படிதான் பங்கீடாகும் என்பதை அவர் சொல்லாமல் அறிந்திருந்தார் என்றே வாசிக்கிறேன். விதிவிலக்குகளைப் பாருங்கள்: குடகர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்ற வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. பிறப்பும் நிலமும், நமக்குத் தெரிந்த அதே இரண்டு.

சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்துக்குத் தரும் வரையறையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமென வடிவமைக்கப்பட்டவை, கம்பு, கைத்தடி போன்றவை, ஆயுதம் ஆகா. விதிகளோ ஒன்பது அங்குலத்துக்கு நீண்ட, இரண்டங்குலத்துக்கு அகன்ற கத்தி வகைகளை ஆயுதம் என்கின்றன. அங்கும் விவசாயக் கருவிக்கு விலக்கு. ஆக அரிவாள் ஆயுதமா இல்லையா என்பதை நீளமோ அகலமோ தீர்மானிப்பதில்லை, நோக்கம் தீர்மானிக்கிறது. இரும்பின் மேல் நோக்கத்தை எழுதிவைக்க முடியுமா? கையில் வைத்திருப்பவனைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். சாலைச் சோதனையில் போலீஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி "எதுக்குடா அருவா?" அல்ல. "எந்த ஊரு, எந்தத் தெரு?" அரிவாளின் நோக்கம் அந்தப் பதிலிலிருந்து வருவிக்கப்படுகிறது. 2021 செப்டம்பரில் தொடர் கொலைகளுக்குப் பின் காவல்துறை பட்டறைக்காரர்களை அழைத்து, வாங்குபவர் பெயரையும் காரணத்தையும் குறித்துவைக்கச் சொன்னது. காரணம் என்ற இடத்தில் "தென்னை ஓலை வெட்ட" என்று எழுத எவ்வளவு நேரமாகும்.

அமெரிக்காவில் விவாதமாக இருப்பது ஆற்றுப் பாசனத்து ஊர்களில் பழக்கமாகவே இருக்கிறது. நான் பிறந்த தெருவில் ஆட்கள் வெட்டரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நடப்பார்கள். வயலுக்குத்தான் போவார்கள், பொய்யில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் அதே வயலுக்கு, அதே வேலைக்கு, அதே கொல்லன் அடித்த அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் அது கூர் படாமல் இருப்பதற்கு என்று நினைத்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

துப்பாக்கியும் இருந்தது. பண்ணை வீட்டுச் சுவரில் ஓர் இரட்டைக்குழல். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பார்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள். முடிந்ததும் திரும்பி வரும். அது வெடித்து நான் கேட்டதில்லை. தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்து ஔவை பாடிய புறநானூறு 95ஐ வகுப்பில் படித்தபோது அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. ஒருவன் ஆயுதம் நெய் பூசி மாலை சூடிக் காவலோடு இருக்கிறது. இன்னொருவனுடையது முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. மாலை போட்ட ஆயுதம் வேலை செய்யாதது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். எங்கள் ஊரில் அப்படியில்லை. சுவரில் தொங்குவதே அதன் வேலை. வாரச்சண்டை, கூலிச்சண்டை எதுவானாலும் பேசவந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் முற்றத்தில் நின்றார்கள். இப்போதைய 2016 விதிகள் துப்பாக்கியைப் பொது இடத்தில் உறைக்குள் வைக்கச் சொல்கின்றன. நல்ல விதிதான். முற்றம் பொது இடமல்ல.

சினிமா இதை எப்படிக் கையாண்டது? 1992இல் வந்த 'தேவர் மகன்' அரிவாளைக் கீழே போடச் சொல்லி, பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி முடிந்த படம். பார்த்தவர்கள் முடிவை விட்டுவிட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் படிக்கப் போன பிள்ளைகளே அரிவாளோடு சக மாணவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) வேறு வழியில் போகிறது. பாய்ந்து மீனை வெட்டுகிறவனிடம் ஊர் தன் வாளை ஒப்படைக்கிறது. சொந்த ஆயுதம் மறுக்கப்பட்ட ஊருக்குக் கலை கொடுத்த ஆயுத உரிமை அது. படத்தில் என்னைத் தொந்தரவு செய்தது அந்த வாள் போய்ச் சேருமிடம். அண்டை ஊர்க்காரன் மீது அது இறங்கவில்லை, போலீஸ் அதிகாரி மீது இறங்குகிறது. ரசிகர்கள் கைதட்டிய அந்த இடத்தை நான் ஒரு தோல்வியாகவே வாசிக்கிறேன். வாளை எடுத்தவன் சிறைக்குப் போகிறான். பெரியவர் ஒருவர் தன்னைத்தானே எரித்துக்கொள்கிறார். வாளால் அரசை எதிர்கொள்ள முடியாது என்பதை இயக்குநர் மறைக்கவில்லை. ஆனால் இசை மறைத்துவிடுகிறது.

அரசிடம் இருப்பது அரிவாளல்ல. கொடியன்குளத்துக்குள் 1995 ஆகஸ்ட் 31 அன்று புகுந்து வீடுகளை நொறுக்கியது போலீஸ். 1999 ஜூலை 23 அன்று, சிறையிலிருந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரிக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்கள் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தருகிறது. அந்த நிபந்தனையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியவர்கள் அவர்கள். ஆளுக்கொரு லைசென்ஸ் அன்று இருந்திருந்தால் இறந்தவர்கள் குறைந்திருப்பார்களா? கூடியிருப்பார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

அப்படியானால் மனு வேண்டாமா என்றால், அதுவுமில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995 என்று ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாம் விதியை நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதி என்று கண்டால் தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை, அவர்களது உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களையும் சேர்த்து, ரத்துசெய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் பாதுகாப்புக்காக உரிமம் வழங்கலாம். இரண்டு இடத்திலும் ஒரு சொல்: தேவையெனக் கருதினால். செயின் என்னும் வாய்பாட்டு வினையெச்சம். எழுவாய் யார்? கருதுகிறவர் மாநில அரசு. பட்டறைப் பேரேட்டைக் கேட்கத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பண்ணை வீட்டுச் சுவரைக் கேட்க இன்னும் கருத்து வரவில்லை.

நண்பர் கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது கடைசி வரி. நான் முதல் வரியைப் பிடிக்கச் சொல்கிறேன். உங்களுக்குத் துப்பாக்கி கேட்பதைவிட அவர்கள் துப்பாக்கியை எடுக்கச் சொல்வதுதான் இந்த நிர்வாகத்தைச் சங்கடப்படுத்தும் கோரிக்கை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "உம்ம தெருக்காரன் சொல்லுத பேச்சு மாதிரியும் இருக்கு வே" என்றார். இருக்கலாம், அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பிறகு இருவருமாக உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதினோம். மாவட்டத்தில் நடப்பிலுள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை, தாலுகா வாரியாக. அவற்றில் பட்டியல் சாதியினருக்கு எத்தனை. 1995க்குப் பின் மூன்றாம் விதியின்கீழ் ரத்தானவை எத்தனை, எந்தத் தேதியில். பத்து ரூபாய் ஸ்டாம்பை அவர்தான் ஒட்டினார்.