மைக்குக்குப் பக்கத்தில் வந்த எம்.எஸ்.

சித்தூரில் விடியற்காலை, கோயில் ஸ்பீக்கரில் சுப்ரபாதம் ஒலிக்கும்போது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யாரும், ‘இப்போது எம்.எஸ். பாட்டு கேட்கிறேன்’ என்று நினைப்பதில்லை. பொழுது விடிகிறது, அவ்வளவுதான். ஒரு பாடகிக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது என்பது என் கட்சி.

இத்தனைக்கும் எம்.எஸ். சுப்புலட்சுமி ‘மீரா’ படத்தின் (1945) நாயகி. மேல் ஸ்தாயியில் நின்று சபையையே நிமிர்ந்து உட்காரவைத்த குரல். 1963இல் எச்.எம்.வி.க்காக வெங்கடேச சுப்ரபாதம் பாடியபோது அந்த அஸ்திரங்களை எல்லாம் உறையில் போட்டுவிட்டார். நிரவல் இல்லை, கல்பனாஸ்வரம் இல்லை, தனி ஆவர்த்தனம் இல்லை. கூடவே மகள் ராதா விஸ்வநாதனின் குரல். அட்சர சுத்தம் ஒன்றுதான் அலங்காரம்.

சித்தூர் மண்ணின் பெரிய பெயர் சித்தூர் சுப்ரமணிய பிள்ளை. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் சீடர். லயக் கணக்கில் புலி. கச்சேரி என்றால் களம் என்று நம்பிய பரம்பரை அது. எம்.எஸ்.ஸுக்கும் களம் தெரியும். தெரிந்துதான் விட்டார்.

ஆனால் நிஜமான திருப்பம் ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’தான். திருப்பதி தேவஸ்தான நிர்வாக அதிகாரியாக இருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத் முயற்சியில், எம்.எஸ்.ஸும் கணவர் சதாசிவமும் பணக் கஷ்டத்தில் இருந்த காலத்தில் உருவான ஐந்து இசைத்தட்டுகள். எம்.எஸ்.ஸுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் செய்தார். நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி சொல்லிக்கொடுத்தார். திருமலையில் கிடைத்த செப்பேடுகளில் சாகித்யமும் ராகப் பெயரும் உண்டு, மெட்டு கிடையாது. புது மெட்டில் வித்தை காட்ட நிறைய இடம் இருந்தது. ரேவதியில் ‘நானாடி பதுகு’ கேளுங்கள்: வாழ்க்கை ஒரு நாடகம் என்கிற பாட்டை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறார். சங்கதி வருகிறது, கைதட்டலுக்குக் காத்து நிற்பதில்லை. இருபது வயதில் இதைப் பாடியிருந்தால் அழகாக இருந்திருக்கும். நம்பியிருக்க மாட்டோம்.

என் ஒரே வருத்தம் ஹாரன் ஸ்பீக்கர். காதோடு சொல்லப் பாடியதை ஊருக்கே அலறவிட்டு, அந்தக் குரலின் மென்மையை முதல் நிமிஷத்திலேயே கொன்றுவிடுகிறோம். கோயில் கமிட்டிக்காரர்களே, நாளைக் காலை ஒலியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பெருமாளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.